குருவி செத்தால் கரை நெருங்கும்

சிறுதாழைத் தீவு பெருங்கரையைப் பார்த்து நகரத் தொடங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை, கருவாடு காயப்போடுகிற நேரம். அதை முதலில் கண்டவன் மொடாக்குடியன் லூர்து என்பதால் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இரண்டாவதாகக் கண்டது ஐஸ் ஏற்றிவந்த வள்ளம். பெட்டியைத் திறந்தால் ஐஸ் வழக்கத்தைவிடக் கரையாமல் பெரிதாக இருந்தது, அப்போதும் யாரும் ஏன் என்று கேட்கவில்லை, ஐஸ் சிறுத்து வந்தால் சண்டை போடலாம், பெருத்து வந்ததற்கு எந்த ஊரில் சண்டை போடுவார்கள். மூன்றாவதாகக் கண்டவள் தெக்கிலம்மாள். அவள் சொன்னபிறகுதான் ஊர் நம்பியது, அந்த நாட்களில் கரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பதைத் தவிர அவளுக்கு வேறு வேலை இல்லை என்று எல்லோருக்கும் தெரியும்.

தெக்கிலம்மாள் கஸ்பாரின் மனைவி, நாற்பதை எட்டப் போகிறவள், இரண்டு பிள்ளைகளை வயிற்றில் சுமந்து இரண்டையும் வள்ளத்தில் பறிகொடுத்தவள். தீவில் ஆஸ்பத்திரி கிடையாது. இரண்டு தடவையும் நாள் கிடக்கும்போதே, முன்கூட்டியே, பெருங்கரைக்குக் கிளம்பியும், வாடைக்காற்று வள்ளத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டதில் நடுக்கடலிலேயே எல்லாம் முடிந்துபோயிற்று. இப்போது மூன்றாவது. மாதம் ஒருமுறை வந்துபோகும் நர்ஸம்மா அவள் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, கஸ்பாரை வெளியே கூப்பிட்டு, அவளுக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்.

"நஞ்சுக்கொடி கீழ இறங்கி வாசலை அடைச்சிட்டு இருக்கு. ஆபரேசன் பண்ணித்தான் பிள்ளையை எடுக்கணும். அதுவரைக்கும் படுத்த படுக்கையா இருக்கட்டும். வள்ளத்துல மட்டும் ஏத்திராதீங்க. ஒரு குலுக்கு குலுங்குனா ரத்தம் நிக்காது, ரெண்டு உசுரும் போயிரும்."

"ஆபரேசனுக்குக் கரைக்குப் போகணுமேம்மா. வள்ளத்துல ஏறாம எப்படிப் போறது?"

"அதான் எனக்கும் தெரியலைய்யா" என்று சொல்லிவிட்டு நர்ஸம்மா வள்ளத்தில் ஏறிப் போனாள்.

அன்றிலிருந்து தெக்கிலம்மாளின் கட்டில் வாசல் பூவரசு நிழலுக்கு வந்தது. கஸ்பாரின் தங்கை பிரகாசி, அடுத்த தெருவில் வாழ்க்கைப்பட்டவள், விடிந்ததும் வந்து மதினிக்குத் தலைவாரி, கஞ்சி கொடுத்து, காலைப் பிடித்துவிட்டுப் போவாள். மற்ற நேரமெல்லாம் தெக்கிலம்மாள் ஒரு கையை வயிற்றில் வைத்துக்கொண்டு, கடலுக்கு அந்தப்பக்கம் மிளகு அளவில் தெரிகிற பெருங்கரையின் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக் கிடந்தாள். பயத்தில் அவளுக்கு வாய் கசந்துபோய்விட்டது. சர்க்கரையை அள்ளிப் போட்டாலும் கசந்தது.

இனி குருவியைச் சொல்ல வேண்டும். முக்காட்டுக்குருவி என்று பேர். சாம்பல் உடம்பு, உச்சியிலிருந்து தோள்வரைக்கும் வெள்ளை, பூசைக்குப் போகிற பெண்கள் தலையில் முக்காடு இழுத்துவிட்டதுபோல. உலகத்தில் சிறுதாழைத் தீவைத் தவிர வேறு எங்கும் அது கிடையாது. தூரக்கண்ணாடி மாட்டிக்கொண்டு வந்த படித்தவர்கள் அதைச் சொல்லிவிட்டுப் போனார்கள், இதுவும் நாளுக்கு நாள் குறைகிறது, பார்த்துக்கொள்ளுங்கள் என்று கவலைப்பட்டு விட்டும் போனார்கள். கடலுக்குமேல் பறக்க அதற்குத் தெரியாது. மணலில் அடப்பங்கொடிக்கு அடியில் முட்டையிடும். மனிதனைக் கண்டால் ஓடாது, கிட்டே வந்து தலையைச் சாய்த்து ஏற இறங்கப் பார்க்கும், சம்பந்தம் பேச வந்த வீட்டில் மாமியார் பார்க்கிற மாதிரி. ஆதியில் தீவுக்கு வந்தவர்கள் தாகத்தில் நாக்கு வறண்டு கிடந்தபோது இந்தக் குருவி கிண்டிய இடத்தில் தோண்டித்தான் நல்ல தண்ணீர் ஊற்று கிடைத்தது. அந்த நன்றிக்காக ஊரில் ஒரு முறை உண்டு: செத்த குருவியை யார் கண்டாலும் எடுத்துவந்து கோயில் சுவரோரம் புதைக்க வேண்டும், மனிதனுக்கு அடிக்கிற சாவுமணியில் குருவிக்கும் ஒரு தட்டு உண்டு. அதை அடிப்பவர் மாதா கோயிலைப் பார்த்துக்கொள்கிற கோயில்பிள்ளை பஸ்தியான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை, கரையில் கிழித்துப் போட்ட நைலான் வலைக் குப்பையில் கால் சிக்கி ஒரு குருவி செத்துக் கிடந்தது. பஸ்தியான் ஒரு தட்டு தட்டினார். ஓசை அடங்கிய கையோடு, மிளகாகத் தெரிந்த தண்ணீர்த் தொட்டி சுண்டைக்காயாகத் தெரிந்தது. அடுத்த வாரம் ஒன்றைப் பூனை கவ்வியது, ஒரு தட்டு, தொட்டி நெல்லிக்காய் ஆனது. பிறகு ஒன்று வயதாகித் தானாகவே செத்தது, ஒரு தட்டு, தொட்டி எலுமிச்சம்பழம் ஆனது. அதற்குமேல் யாரும் எதையும் ஆராயவில்லை. ஒரு குருவி செத்தால் கரை ஒரு கூப்பிடு தூரம் நெருங்கும், அவ்வளவுதான் சங்கதி. மழை பெய்தால் மண் ஏன் நனைகிறது என்று யாராவது ஆராய்வார்களா?

ஊர் அதற்கு ஏற்றமாதிரி தன்னைத் திருத்திக்கொண்டது. கடலில் போகிறவர்கள் தீவுக் கோயிலையும் கரைத் தொட்டியையும் ஒன்றாகக் கோத்துப் பார்த்துத்தான் மீன் கிடக்கிற இடத்தைப் பிடிப்பார்கள். கோயில் இடம்மாறிப் போனதால் சீலா மீன் கிடந்த இடத்தில் வலை போட்டவனுக்கு நண்டு வந்தது, நாலு நாள் திட்டிவிட்டுப் புது அடையாளம் வைத்துக்கொண்டார்கள். போனில் பேசப் பனைமரம் ஏறியவர்கள் தரையில் நின்றே பேசினார்கள். கடல் சரியில்லை என்று வாரக்கணக்கில் வராமல் இருந்த வாத்தியார், வாசலில் நின்று பார்த்தாலே பள்ளிக்கூடம் தெரிகிறபடியால் வேறு வழியில்லாமல் வந்து சேர்ந்தார், பிள்ளைகள்தான் பாவம். தீவுக்குப் பெண் கொடுப்பதா என்று முகத்தைச் சுளித்த குடும்பங்கள் தாங்களாகவே வெற்றிலை பாக்கோடு வந்தன. பெருங்கரையில் இருக்கிற மீனவர்கள் மட்டும் வள்ளத்தில் வந்து, உங்கள் தீவு எங்கள் வலையை அறுக்கிறது, அதைக் கட்டிப்போடுங்கள் என்று சத்தம் போட்டார்கள்; கயிறு கொண்டுவந்திருக்கிறீர்களா என்று கேட்டு ஊர் அவர்களுக்குக் கருப்பட்டிக் காப்பி கொடுத்து அனுப்பியது.

பிறகு ஒருநாள் காலை, மணி அடிக்காமலேயே கரை நெருங்கியிருந்தது.

கஞ்சி குடித்துக்கொண்டிருந்த ஊர் தலையைத் தூக்கித் தொட்டியைப் பார்த்தது, பிறகு கஞ்சியைப் பார்த்தது. பஸ்தியான் மணிக்கயிற்றைப் பிடித்தார், விட்டார். எங்கோ ஒரு குருவியை யாரோ கழுத்தைத் திருகிப்போட்டுப் புதைக்கவும் கொண்டுவரவில்லை என்பது தெக்கிலம்மாளுக்குச் சட்டென்று புரிந்தது. எதற்காக என்பதும் புரிந்தது.

"ஏங்க, நீங்களா?" என்றாள் வலைக் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்த கஸ்பாரிடம்.

"என்ன நானா?"

"மணி அடிக்காம கரை வந்துருக்கு."

"காத்துக்கு வந்துருக்கும்."

"காத்து எதிர்த்தல்ல அடிக்கிது."

கஸ்பார் ஊசியை வலைக்கண்ணில் விட்டான், எடுத்தான், தப்பான கண்ணில் விட்டான். "நீ படுத்திரு தெக்கிலா. ஒண்ணும் யோசிக்காம பேசாம படுத்திரு."

மறுநாளும் கரை நெருங்கியது, இரண்டு நாள் விட்டு மறுபடியும். கரை நெருங்குகிற அன்றைக்கெல்லாம் யாராவது ஒருவர் அவள் கட்டிலுக்கு வந்தார்கள். ஒருத்தி வஞ்சிரத்தின் நடுத்துண்டைக் குழம்பு வைத்துக் கொண்டுவந்தாள், ஒருவன் இளநீர் சீவிக் கொடுத்தான், ஒருவர் மாதாவுக்கு மெழுகுவர்த்தி நேர்ந்திருப்பதாகச் சொன்னார், கோயில்பிள்ளை பஸ்தியான்கூட ஒருநாள் ஒரு சீப்பு கற்பூரவல்லிப் பழத்தோடு வந்து "பிள்ளை நல்லா வரும்மா" என்று தரையைப் பார்த்துச் சொன்னார். எல்லோரும் தரையைத்தான் பார்த்தார்கள். ஒருத்தரும் அவள் கண்ணைப் பார்க்கவில்லை. ஊருக்கே தன்மேல் இவ்வளவு பிரியம் இருப்பது அவளுக்கு முன்னால் தெரியாது, அந்தப் பிரியத்தை நினைத்து அவள் பயந்து செத்தாள்.

ஊரை மட்டும் சொல்வானேன். விடியும்போது சிலுவை போடுவதற்கு முன்னால் தெக்கிலம்மாளின் கண் தொட்டிக்குத்தான் போனது. தொட்டி பெருத்திருந்தால் மனசு குளிர்ந்தது. மனசு குளிர்ந்ததை நினைத்து உடம்பெல்லாம் எரிந்தது. வேண்டாம், நிறுத்துங்கள் என்று அவள் ஒருநாளும் ஒருத்தரிடமும் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தாள். நாளைக்கு வயிற்றில் பிள்ளை எட்டி உதைத்தது, நாளை மறுநாள் சொல்லலாம் என்று இருந்தாள்.

தொட்டி பூசணிக்காய் அளவுக்கு வந்தபோது தீவில் குருவிச் சத்தம் அற்றுப்போயிருந்தது. மிச்சம் இருந்தது ஒரே ஒரு சோடி. அது வேறு இடமா இல்லை என்று நேராகத் தெக்கிலம்மாளின் கட்டிலுக்கு அடியில் வந்து மணலைக் கிண்டி இரண்டு முட்டை இட்டது. பொட்டை அடைகாத்தது, சேவல் கட்டில் காலைச் சுற்றிச் சுற்றி வந்தது. பிரகாசி குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்து மதினியைப் பார்த்தாள். அப்புறம் பேச்சை மாற்றி, சாயங்காலம் எண்ணெய் வைத்துவிடட்டுமா என்று கேட்டாள்.

அதற்குப்பிறகு தெக்கிலம்மாளுக்குத் தூக்கம் போயிற்று. எழுந்திருக்க முடியாதவள் காவல் இருக்க வேண்டியதாயிற்று. யார் வந்தாலும் அவர்கள் கை எங்கே போகிறது என்று பார்த்தாள். கையில் பனையோலை விசிறியை வைத்துக்கொண்டு, காற்றுக்கு வீசுவதுபோல் கட்டிலின் ஓரத்தில் தட்டிக்கொண்டே இருந்தாள். தன்னைக் காப்பாற்ற வருகிறவர்களிடமிருந்து குருவியைக் காப்பாற்ற வேண்டும். காப்பாற்றிவிட்டால் தன் பிள்ளையைக் காப்பாற்ற வழியில்லை. இரண்டு பக்கமும் இடி வாங்குகிற மத்தளம் ஆனாள்.

அந்த மாதப் பூசைக்குச் சாமியார் வந்தார். பாவசங்கீர்த்தனத்துக்கு வழக்கமாக நாலைந்து வயசாளிகள் வருவார்கள், சொன்ன பாவத்தையே சொல்லிவிட்டுப் போவார்கள். அன்றைக்குக் கோயில் வாசலில் ஊரே வரிசை கட்டி நின்றது, ஆம்பளை பொம்பளை அத்தனை பேரும், ஒருவரை ஒருவர் பார்க்காமல், தன் காலைத் தானே பார்த்துக்கொண்டு. தெக்கிலம்மாளுக்குக் கட்டிலில் இருந்தே அது தெரிந்தது. வெயில் ஏறியது, இறங்கியது, வரிசை குறையவே இல்லை. கடைசியில் சாமியார் வெளியே வந்தபோது உப்பளத்தில் வேலை பார்த்துவிட்டு வந்தவர்போல முகம் வெளிறியிருந்தது. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைக் கழுத்தை அறுத்தாலும் சாமியார் வெளியே சொல்லக்கூடாது. அவர் அவளுக்கு நன்மை அப்பம் கொடுக்கக் கட்டிலருகே வந்தார், குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தார், ரொம்ப நேரம் பார்த்தார்.

"எப்பம்மா நாள்?"

"மார்கழிக்குள்ள சாமி."

"கடல்ல ஆள் கால் ஊன்றி நிக்க நிலை எவ்வளவு இருக்கும், இப்ப?"

"எனக்கெங்க தெரியும் சாமி. வத்தம் அடிச்சுத் தண்ணி இறங்குனா பாதிக் கடலுக்கு நெஞ்சளவுங்கிறாங்க."

சாமியார் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார்.

மார்கழியில் ஒருநாள், முற்பகலில், கடல் வற்றிக் கிடந்த நேரத்தில் தெக்கிலம்மாளுக்கு ரத்தம் பட்டது. அவள் தெருவுக்கே கேட்கக் கூப்பிட்ட குரலுக்குக் கஸ்பார் ஓடிவந்தான், சேலையைப் பார்த்தான், கடலைப் பார்த்தான். தொட்டி பூசணிக்காய் அளவில், தொட்டுவிடலாம்போல நின்றது. அவன் கட்டில் பக்கத்தில் முழங்கால் போட்டான்.

"ஒண்ணு போதும் தெக்கிலா. ஒண்ணே ஒண்ணு. கரை முட்டிரும். அப்படியே நடந்து தூக்கிட்டுப் போயிருவேன்."

வேண்டாம் என்று சொல்லத்தான் அவள் வாயைத் திறந்தாள். வயிற்றுக்குள் பிள்ளை புரண்டது. கட்டிலுக்கு அடியிலிருந்து சேவல் வெளியே வந்து கஸ்பாரின் முழங்காலருகே நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தது.

"எடுங்க" என்றாள் தெக்கிலம்மாள்.

சொன்னது அவள்தான். அவளுக்காக அதை மறைத்துச் சொல்ல இந்தக் கதையால் முடியாது. கஸ்பார் கையை நீட்டினான், குருவி அவன் விரலுக்குள் சொகமாக வந்து உட்கார்ந்தது.

"கஸ்பாரு, அதை விடு. கட்டிலைப் பிடி."

வேலிப்படலைத் தள்ளிக்கொண்டு பஸ்தியான் நின்றார், வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டியிருந்தார். "நான் ஒரு பாவம் பண்ணினேன். நாள் வந்தா உன் பொண்டாட்டி கட்டிலைத் தூக்கிக் கடல்ல இறங்கணும்னு சாமியார் அபராதம் போட்டுருக்காரு. ஒத்தையாளா எப்படித் தூக்குறதுன்னுதான் இத்தனை நாளும் முழிச்சுக்கிட்டு இருந்தேன்." அவர் சொல்லி முடிக்கவில்லை, பின்னால் வஞ்சிரக் குழம்புக்காரி வந்தாள், அவளுக்கும் அதே அபராதம். இளநீர் கொடுத்தவன் வந்தான். மெழுகுவர்த்தி நேர்ந்தவர் வந்தார். தெரு நிறைய வந்தார்கள், தான் ஒருவன்தான் பாவி, தான் எடுத்தது ஒரே ஒரு குருவி, ஒன்று போனால் என்ன குறைந்துவிடும் என்று நினைத்த அத்தனை பேரும், ஆளாளுக்கு ஒன்று எடுத்த அத்தனை பேரும், படலுக்குள் வந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, "நீயுமா?" "நீங்களுமா மாமா?" என்று கேட்டு, வெட்கத்தில் குறுகிப்போய் நின்றார்கள். கஸ்பார் விரலைத் திறந்தான். "எனக்கும் அதே அபராதந்தான்" என்றான்.

குருவி எடுக்காத ஆள் ஊரில் ஒருவன்தான் இருந்தான், லூர்து. அவனும் புண்ணியத்தால் எடுக்காமல் இல்லை, போதையில் குருவி இரண்டாகத் தெரிந்து எதைப் பிடிப்பது என்று தெரியாமல் விட்டவன். அபராதம் இல்லாத அவனைக் கட்டில் கிடந்த இடத்தில், முட்டைமேல் வெயில் படாமல் தாழங்குடையைப் பிடித்துக்கொண்டு உட்காரவைத்தார்கள்.

கட்டில் தோளிலிருந்து தோளுக்கு ஏறிக் கடலில் இறங்கியது. இடுப்பளவில் பெண்கள் நின்றார்கள், நெஞ்சளவில் ஆண்கள் நின்றார்கள், கட்டில் அவர்கள் தலைக்குமேல் கைமாறிக் கைமாறி, ததும்பத் ததும்ப வைத்த குடத்தைக் கொண்டுபோவதுபோல ஒரு குலுக்கல் இல்லாமல் போனது. நடுவில் ஆள் நிலைக்காத பள்ளம் இருந்தது. அங்கே சங்கு குளிக்கிறவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு அடிமண்ணில் கால் ஊன்றி நின்றார்கள், ஒரு கூட்டம் மூச்சுக்கு மேலே வந்தால் மறு கூட்டம் கீழே போனது. மல்லாந்து கிடந்த தெக்கிலம்மாள் ஒருமுறை தலையைத் திருப்பிப் பார்த்தாள். ஒரு முகமும் தெரியவில்லை, தண்ணீருக்குமேல் கைகள் மட்டும் முளைத்து நின்று தன்னைத் தாங்கிக்கொண்டிருந்தன. எடுங்க என்று சொன்ன வாயை அவள் கையால் பொத்திக்கொண்டு அழுதாள்.

போன் போட்டு வரவழைத்த ஆம்புலன்ஸ் பெருங்கரையில் நின்றது. பிள்ளை உயிரோடு பிறந்தது. பெண் பிள்ளை, ஆஸ்பத்திரிக் கூரை கிழிய அழுதது.

பால்சுறாக் குழம்பு கொண்டுவந்து வார்டில் உட்கார்ந்த பிரகாசி, பிள்ளையைக் கொஞ்சிவிட்டு, "மணி அடிக்காம கரை வந்துச்சே மொதல் தடவை, அது நான்தான் மதினி" என்றாள். "என் கையில வந்து உக்காந்துச்சு. ஓடியிருந்தா விட்டிருப்பேன்." தெக்கிலம்மாள் அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். திட்ட அவளுக்கு வாயில்லை.

அந்த வாரத்திலேயே இரண்டு முட்டையும் பொரித்தன, தீவு இரண்டு கூப்பிடு தூரம் பின்னால் போயிற்று. ஊர் அதையும் ஏன் என்று கேட்கவில்லை. போன் பிடித்தவர்கள் மறுபடியும் பனைமரத்தை அண்ணாந்து பார்த்தார்கள், வாத்தியாருக்குக் கடல் மறுபடியும் சரியில்லாமல் போனது. பூனைகளையெல்லாம் சாக்கில் பிடித்து வள்ளத்தில் ஏற்றிப் பெருங்கரைக்கு அனுப்பினார்கள், வலைக் குப்பையை வாரிக் கொளுத்தினார்கள், குஞ்சுகளைப் பார்க்கத் தினமும் கூட்டம் கூடியது. மாசியில், கடல் அசையாமல் எண்ணெய்போலக் கிடந்த ஒரு நாளில், தெக்கிலம்மாள் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு வள்ளத்தில் வீடு வந்து சேர்ந்தாள். அதற்குள் அந்தச் சோடி அடுத்த முட்டைக்கு மண் கிண்டத் தொடங்கியிருந்தது.

ஒருநாள் சாயங்காலம் பூவரசடியில் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தபோது பிரகாசி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். முகத்தில் ஒரு மினுமினுப்பு இருந்தது.

"மதினி, ரெண்டு மாசமா குளிக்கல."

தெக்கிலம்மாள் அவள் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள், இன்னொரு தடவையும் கழித்தாள். பிரகாசி சிரித்தாள். பிறகு கடலைப் பார்த்தாள். தொட்டி தேங்காய் அளவுக்குச் சிறுத்திருந்தது.

"இந்தக் கோடைக்குள்ள இன்னும் குஞ்சு பொரிக்குமோ?"

"பொரிக்கும்."

"அப்ப கரை இன்னும் போயிரும்."

"நாள் கிடக்கையிலேயே நீ அக்கரைக்குப் போயிரு பிரகாசி."

"நீங்க ரெண்டு தடவையும் நாள் கிடக்கையிலதான் போனீங்க."

"உன்னையும் தூக்குவோம். ஊரே இருக்கு."

"தூக்குறதுக்குக் கால் ஊன்ற நிலை வேணுமே மதினி" என்றாள் பிரகாசி மெதுவாக. "அன்னைக்கே பள்ளத்துல நின்னவங்களுக்கு மூக்குல ரத்தம் வந்துட்டு."

குஞ்சு ஒன்று அடப்பங்கொடிக்குள்ளிருந்து வந்து பிரகாசியின் பெருவிரலைக் கொத்திப் பார்த்தது, தலையைச் சாய்த்து அவளைப் பார்த்தது. பிரகாசி குனிந்து அதை உள்ளங்கையில் எடுத்துக்கொண்டாள்.

"எவ்வளவு சூடா இருக்கு" என்றாள்.

"குடு" என்று தெக்கிலம்மாள் கையை நீட்டினாள்.

பிரகாசி கடலைப் பார்த்தாள், குஞ்சைப் பார்த்தாள், மதினியின் மடியில் கண்ணை மூடிக்கொண்டு பால் குடிக்கிற பிள்ளையைப் பார்த்தாள். தெக்கிலம்மாள் கையை நீட்டியபடியே உட்கார்ந்திருந்தாள்.